டெம்ப்ஸ்டர் சாலை: மோட்டார்ஹோமில் ஆர்க்டிக் கடல் வரை

சனி, வைட்ஹார்ஸ்

வண்டி கைக்கு வந்துவிட்டது. 25 அடி நீளம். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒன்று, நடுவில் அடுப்பு, ஃப்ரிட்ஜ், திரும்பினால் தோள் இடிக்கும் குளியலறை. மேல் படுக்கை எனக்கு. அக்காவும் அத்தானும் பின்னால்.

வண்டியை ஒப்படைத்த பையன் எஞ்சினைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் தொட்டிகளைப் பற்றி. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேர ஒன்று, கழிப்பறைக்குத் தனியாக ஒன்று. அடுப்பும் ஹீட்டரும் வெந்நீரும் ப்ரொபேன் வாயுவில். விளக்குக்கும் பம்புக்கும் பேட்டரி. சுவரில் ஒரு பலகை இருக்கிறது. பட்டனை அமுக்கினால் எதில் எவ்வளவு என்று விளக்கு எரியும். கழிப்பறைத் தொட்டியின் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், காலியாக இருந்தாலும் நிறைந்ததாகவே காட்டும் என்றான். அத்தான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

போகிற வழி இதுதான்: கனடாவின் யூகான் பிரதேசத்தில் இங்கிருந்து டாசன் சிட்டி வரை தார் சாலை. அதற்கு 40 கிலோமீட்டர் முன்பாகப் பிரியும் டெம்ப்ஸ்டர் சாலையில் இனுவிக் வரை 737 கிலோமீட்டர் ஜல்லி. அங்கிருந்து இன்னும் 138 கிலோமீட்டர் போனால் டுக்டோயாக்டுக், ஆர்க்டிக் கடல். பல வாடகை நிறுவனங்கள் டெம்ப்ஸ்டர் என்று சொன்னதுமே கையை விரித்துவிடும். எங்களுக்குக் கொடுத்தவர்கள் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, டயரும் முன்கண்ணாடியும் உடைந்தால் எங்கள் பொறுப்பு என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

யூகானின் பரப்பு சுமார் 4,82,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 45,000 பேர், அவர்களிலும் பெரும்பாலானோர் இந்த வைட்ஹார்ஸில்தான். அதனால் கடையில் வாங்க வேண்டியதை எல்லாம் இன்றைக்கே வாங்கிவிட்டோம்.

ஞாயிறு, டாசன் சிட்டி

நாள் முழுக்க ஓட்டம், 500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸில் நிறுத்திப் பார்த்தோம். யூகான் ஆற்றின் குறுக்கே நாலு பாறைத் தீவுகள், அவற்றுக்கிடையே ஐந்து வாய்க்கால்களாகத் தண்ணீர் பிளந்து ஓடுகிறது. தங்கம் தேடிப் போனவர்களின் படகுகள் இங்கே தடுமாறியிருக்கின்றன. மற்றபடி ஸ்ப்ரூஸ் மரம், ஸ்ப்ரூஸ் மரம், பழைய காட்டுத்தீயில் கருகி நிற்கும் ஸ்ப்ரூஸ் மரம்.

டாசனுக்கு இப்போது பேர் சொல்ல ஒரு சிறு ஊர் அளவுதான் ஜனம். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, 1898-இல் இங்கே 30,000 பேர் குவிந்திருந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது ட்ரோன்டெக் ஹ்வெச்சின் என்ற பூர்வகுடி மக்களின் மீன்பிடி இடம். அந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் 2023-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

ஊருக்குள் தெருக்கள் எல்லாம் மண். நடைபாதை மரப்பலகை. முதலில் சுற்றுலாவுக்காக அப்படியே பழசாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. ஊருக்கு அடியில் இருப்பது உறைநிலம், வருஷம் முழுக்க உருகாத மண். மேலே எதையாவது கெட்டியாகப் போட்டால், அதன் சூடு இறங்கி அடியில் உருகும், மேலே இருப்பது அமுங்கும். மூன்றாம் அவென்யூவில் இரண்டு பழைய மரக் கட்டடங்கள் அப்படி அமுங்கி, ஒன்றன் மேல் ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. ஜன்னல் சட்டங்கள் சதுரமாக இல்லை, சாய்சதுரமாகிவிட்டன.

இங்கே ஒரு மதுக்கூடத்தில் பதப்படுத்திய மனிதக் கால்விரலை கிளாஸில் போட்டுக் கொடுக்கிறார்கள். நிஜ விரல். 1973-இலிருந்து நடக்கிறது. விரல் உதட்டில் பட்டால்தான் குடித்ததாகக் கணக்கு. “நீங்க குடிங்க, நான் படம் எடுக்கிறேன்” என்றாள் அக்கா. அத்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

திங்கள், டூம்ஸ்டோன்

ஜல்லி தொடங்கிய இடத்திலேயே மணிக்கு 60 என்று முடிவாகிவிட்டது. அதற்கு மேல் போனால் அலமாரிக்குள் இருக்கும் தட்டுகள் எல்லாம் பேச ஆரம்பித்துவிடுகின்றன. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும் வண்டி, அடுத்த பெட்ரோல் 369-ஆவது கிலோமீட்டரில். மொபைல் சிக்னல் டாசன் பக்கத்தோடு சரி.

தூசி எங்கிருந்து வருகிறது என்பது முதல் 50 கிலோமீட்டரில் எங்களுக்கு ஓர் ஆராய்ச்சியாகவே ஆகிவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கின்றன, ஆனாலும் பின் படுக்கையில் மாவு சலித்த மாதிரி ஒரு படலம். வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, கதவிடுக்கு, ஃப்ரிட்ஜ் வென்ட், குழாய் போகும் ஓட்டை என்று எல்லா வழியாகவும் தூசியை உள்ளே இழுக்கிறது. எரிபொருள் போடும்போது பார்த்த ஓர் உள்ளூர் ஆள் சொன்ன வைத்தியம்: முன்பக்க ஃபேனை வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி முழு வேகத்தில் வை, பின்னால் எதையும் திறக்காதே. உள்ளே அழுத்தம் கூடினால் தூசி வெளியே நிற்கும். பலித்தது. குளிர்தான் கொஞ்சம்.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1950-களின் கடைசியில் எண்ணெய் தேடுவதற்காகத் தொடங்கி, 1961-இல் பாதியில் விட்டு, அலாஸ்காவில் எண்ணெய் கண்டுபிடித்ததும் மறுபடி தொடங்கி, 1979-இல் திறந்தார்கள். மலையை வெட்டிப் போடவில்லை, தரையைத் தோண்டவும் இல்லை. தோண்டினால் உறைநிலம் உருகி, சாலை சேற்றுக்குள் போய்விடும். அதனால் துந்திரா எனும் மரமற்ற குளிர்நிலத்தின் மேல் ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலாகச் சில இடங்களில் ஜல்லியைக் கொட்டி, அதன் மேல் வண்டி ஓடுகிறது. அந்த ஜல்லி மேடு ஒரு கம்பளி. சூடு கீழே இறங்காமல் காப்பதுதான் அதன் வேலை. ஓரத்தில் இறங்கி நின்றால் இது நன்றாகத் தெரிகிறது: சாலை தரையை விட வெகு உயரத்தில், தடுப்புச் சுவர் இல்லாமல்.

71-ஆவது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் மையமும் முகாமும். முகாமில் ஆள் கிடையாது, உறையில் பணம் போட்டு இரும்புப் பெட்டியில் செருக வேண்டும். விறகு இலவசம். கொஞ்சம் தள்ளி இருக்கும் பார்வை இடத்திலிருந்து பள்ளத்தாக்கின் கடைசியில் டூம்ஸ்டோன் மலை கறுப்பாக, உடைந்த பல் மாதிரி தெரிந்தது. மேகம் இரண்டு முறைதான் வழிவிட்டது.

மாலையில் மலைச்சரிவில் ஏறினோம். ஆகஸ்ட் கடைசி, இங்கே இலையுதிர் காலம் அதற்குள் வந்துவிட்டது. தூரத்திலிருந்து சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது, பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது மரம். குட்டை பர்ச், என் கணுக்கால் உயரம். உட்கார்ந்து ஒரு செடியை விலக்கிப் பார்த்தேன். இலை என் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது, வட்டம், ஓரம் பல்பல்லாக. ஒரே கிளையில் பச்சை, ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு மூன்றும். தண்டு பென்சில் கனம்தான், ஆனால் பட்டை வெடித்துக் கிழ மரம் போல இருந்தது. அதற்கடியில் வெள்ளை லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர், காலில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அதற்கும் அடியில் பாசி, ஈரம். கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டேன், விரல் நுனி சில்லென்று மரத்தது. கோடையில் உருகுவது மேலே கொஞ்சம் மண்தான். வேர்கள் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் ஓடுகின்றன.

ப்ளூபெர்ரி இருக்கிறது, குனிந்த இடமெல்லாம். கரடிக்கும் அதுதான் இந்த மாதச் சாப்பாடு என்பதால் சத்தமாகப் பேசிக்கொண்டே பறித்தோம்.

ராத்திரி ஒரு மணிக்கு அக்கா எழுப்பினாள். வானத்தில் துருவ ஒளி. படங்களில் பார்க்கிற பச்சை எல்லாம் கேமராவின் தாராளம். கண்ணுக்கு வெளிறிய சாம்பல் கலந்த பச்சைதான் தெரிகிறது. ஆனால் அது அசைகிற விதம் எந்தப் படத்திலும் வராது. கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம்.

செவ்வாய், ஈகிள் ப்ளெயின்ஸ்

டூம்ஸ்டோனைத் தாண்டியதும் மலைகளின் முகம் மாறிவிடுகிறது. ஓகில்வி மலைகளின் இந்தப் பக்கம் பனியுகத்திலும் பெரிய பனிப்பாறை மூடாத நிலம். அதனால் பள்ளத்தாக்குகள் கூர்மையாக வெட்டுப்பட்டிருக்கின்றன, உச்சிகள் சாம்பல் நிறச் சரளைக் குவியலாகச் சரிகின்றன. எஞ்சினியர் க்ரீக் அருகே ஓடை துருச் சிவப்பில் ஓடுகிறது, கந்தக வாடை வேறு. பாறையிலிருந்து கரைந்து வரும் இரும்பு. அழகு என்று சொல்ல முடியாது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அப்புறம் பஞ்சர். ஈகிள் ப்ளெயின்ஸுக்கு முன்னால், மரமே இல்லாத ஒரு மேட்டில். இந்தச் சாலையின் சில பகுதிகளில் போட்டிருப்பது ஷேல் கல், உடைந்தால் கத்தி முனை. பின்னால் ஜோடி டயர், போனது உள்டயர். உள்டயருக்காக வெளிடயரையும் கழற்ற வேண்டும். ஸ்டெப்னி வண்டிக்கடியில் ஒரு சங்கிலியில் தொங்கியது, அதன் கொக்கியில் வருஷக்கணக்கான சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. ஜாக்கியை வைத்தால் ஜல்லியில் புதைகிறது. அக்கா உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த காய் நறுக்கும் பலகையைக் கொண்டுவந்து ஜாக்கிக்கடியில் வைத்தாள். பலகை இரண்டாகப் பிளந்தது, ஆனால் தாங்கியது.

இந்தச் சாலையில் ஒரு நல்ல பழக்கம், யாரும் நிற்காமல் போவதில்லை. வந்த முதல் லாரியே நின்றது. ஓட்டுநர் இறங்கி எதுவும் கேட்காமல் இரும்புக் கம்பியால் கொக்கியில் ரெண்டு தட்டுத் தட்டினார், ஸ்டெப்னி பொத்தென்று விழுந்தது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், எதிரே லாரி வந்தால் ஓரமாகி வேகத்தைக் குறையுங்கள், கல் பறப்பது அவர்கள் வேகத்தால் மட்டுமல்ல, உங்கள் வேகமும் சேர்ந்துதான் என்றார். காபி தருகிறோம் என்றோம். பீல் ஆற்றுப் படகைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டார்.

ஈகிள் ப்ளெயின்ஸ் ஊர் இல்லை. ஒரு ஹோட்டல், பெட்ரோல் பங்க், டயர் பார்க்கிற பட்டறை, அவ்வளவுதான். மின்கம்பி இங்கே வராது; டீசல் ஜெனரேட்டர்தான். பட்டறையில் எங்கள் டயரிலிருந்து எடுத்த கல் அத்தானின் கட்டைவிரல் நீளம். அதை டேஷ்போர்டில் வைத்திருக்கிறார்.

புதன், ஃபோர்ட் மெக்ஃபெர்சன்

405-ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம். பலகை, படம், பலமான காற்று. காற்றில் வண்டிக் கதவை அக்காவும் நானும் சேர்ந்து பிடித்து மூடினோம்.

465-இல் ரிச்சர்ட்சன் மலையின் கணவாயில் யூகான் முடிந்து வடமேற்குப் பிரதேசம். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போச்சு. மேகம் சாலை மட்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பீல் ஆற்றில் பாலம் கிடையாது. கோடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே சாலை. இரண்டுக்கும் நடுவில், பனி உடையும் வாரங்களிலும் உறையும் வாரங்களிலும், கடக்கவே முடியாது. கட்டணம் இல்லை. துறை என்று காங்கிரீட்டில் எதுவும் கட்டி வைக்கவில்லை. ஆற்றின் மட்டம் ஏற இறங்க, ஒரு இயந்திரம் வைத்துச் சரளையைத் தள்ளித் தள்ளிச் சரிவைச் சீராக்குகிறார்கள். எங்களுக்கு அதுதான் பயம். மோட்டார்ஹோமின் பின்பகுதி சக்கரத்தைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரம் படகுப் பலகையில் ஏறும்போது பின்னால் தரையில் இடிக்கும். அங்கேதான் கழிவுக் குழாயின் மூடியும் இருக்கிறது! படகுக்காரர் எங்களைப் பார்த்ததுமே கையைக் காட்டி நிறுத்தி, இயந்திரக்காரரிடம் ஏதோ சொன்னார். ரெண்டு வாளி சரளை கூடுதலாக விழுந்தது. அத்தான் நடக்கிற வேகத்தில் ஏற்றினார். ‘கரக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூடி பத்திரம்.

ஃபோர்ட் மெக்ஃபெர்சன் குவிச்சின் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். ஆங்கிலிகன் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கல்லறையில் நாலு போலீஸ்காரர்களின் சமாதி இருக்கிறது. 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் தலைமையில் நாய் வண்டிகளோடு இங்கிருந்து டாசனுக்குக் கிளம்பினார்கள். வேகமாகப் போக வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், வழி தெரிந்த குவிச்சின் வழிகாட்டியையும் கூட்டிப் போகவில்லை. மலைக்குள் திரும்ப வேண்டிய ஓடையைத் தேடியே நாட்கள் போயின. திரும்பி வரும் வழியில் நாய்களைத் தின்று, கடைசியில் ஊருக்கு ரொம்பத் தூரமில்லாத இடத்தில் செத்துப்போனார்கள். 1911 மார்ச்சில் டாசனிலிருந்து தேடிப் போய் உடல்களைக் கண்டெடுத்தவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். சாலைக்கு அவர் பெயர். அவருக்கு வழிகாட்டியாக நடந்த சார்லி ஸ்டுவர்ட் ஒரு குவிச்சின். சாலைக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தப் பக்கமும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வியாழன், இனுவிக்

மெக்கென்சி ஆற்றைப் படகில் கடந்து, நேர்கோட்டுச் சாலையில் இனுவிக். கடைசிக் கொஞ்ச தூரம் தார் சாலை. வண்டி திடீரென்று அமைதியானதில் மூவருமே பேச்சை நிறுத்திவிட்டோம்.

இனுவிக் 1950-களில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். சுற்றுலாக்காரர்கள் பனிவீடு வடிவத்துத் தேவாலயத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் எடுத்ததெல்லாம் குழாய்கள். வீடுகள் எல்லாம் தரையில் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கின்றன, அடியில் காற்று ஓட இடைவெளி. வீட்டுக்கு வீடு, இடுப்பு உயரத்தில், தகரம் போர்த்திய ஒரு நீளமான பெட்டி போகிறது. அதற்குள்தான் நல்ல தண்ணீரும் கழிவுநீரும். மண்ணுக்குள் புதைத்தால் குழாய் உறையும், அல்லது அதன் சூட்டில் மண் உருகும். இரண்டில் ஒன்று நிச்சயம். தெருவைக் கடக்கிற இடத்தில் பெட்டி உயரமாக வளைந்து போகிறது, குழந்தைகள் அதன் கீழே சைக்கிள் விடுகிறார்கள்.

முகாமில் கழிவுத் தொட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு நீண்ட குளியல். பலகையில் விளக்கு இன்னும் முக்கால் நிறைந்ததாகவே காட்டுகிறது. பையன் சொன்னது சரிதான்.

வெள்ளி, டுக்டோயாக்டுக்

2017 நவம்பர் வரை இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான் சாலை, அதுவும் உறைந்த ஆற்றின் மேலும் கடலின் மேலும். இப்போதிருக்கும் ஜல்லிச் சாலையைக் கூடப் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் போட்டார்கள், தரை கெட்டியாக இருக்கும்போது, மேலே துணி விரித்து அதன் மேல் கொட்டி. மழையில் இன்றைக்கு அது சோப்பு. 138 கிலோமீட்டருக்கு அரை நாள் ஆனது. மரங்கள் குட்டையாகி, ஒல்லியாகி, ஓரிடத்தில் நின்றே போய்விட்டன. அப்புறம் ஏரிகள்தான்.

ஊர் நெருங்கும்போது பிங்கோக்கள். தட்டை நிலத்தில் திடீரென்று கூம்பு கூம்பாகக் குன்றுகள். உள்ளே இருப்பது பாறையில்லை, பனிக்கட்டி. ஏரி வற்றிய இடத்தில் அடிமண் உறையும்போது தண்ணீர் நெருக்கப்பட்டு மேலே தள்ளி, அதுவும் உறைந்து வளர்கிறது. இப்யுக் பிங்கோவின் உயரம் 49 மீட்டர், கனடாவிலேயே பெரியது.

கடல் பழுப்பு நிறம். ஆர்க்டிக் என்றால் நீலமாக இருக்கும் என்று நினைத்து வந்த அக்காவுக்குப் பெரிய ஏமாற்றம். மெக்கென்சி கொண்டுவந்து கொட்டும் வண்டல் அது. அத்தான் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பே இல்லை என்றார். கரை முழுக்கப் பெரிய பெரிய மரக்கட்டைகள், பட்டை உரிந்து வெளுத்துக் கிடக்கின்றன. ஒரு மரம் கூட முளைக்காத இடத்தில் இத்தனை மரம், எல்லாம் ஆறு கொண்டுவந்தது. கடலோர மண் உருகி அரித்துக்கொண்டே வருவதால், முனையிலிருந்த சில வீடுகளை ஊருக்குள் நகர்த்திவிட்டார்கள். முனையிலேயே மோட்டார்ஹோம் நிறுத்தவும் இடம் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர்.

வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது ஒரு டேங்கர் வந்து பக்கத்து வீட்டுச் சுவரில் குழாய் மாட்டியது. இங்கே இனுவிக் மாதிரி பெட்டிக் குழாய் இல்லை. தண்ணீரை லாரியில் கொண்டுவந்து வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் நிரப்புகிறார்கள், இன்னொரு லாரி வந்து கழிவுத் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஓட்டுநர் இனுவியாலுயிட் என்ற இந்தப் பக்கத்துப் பூர்வகுடிக்காரர், எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “உள்ளே எத்தனை லிட்டர் பிடிக்கும்?” என்று கேட்டார். அத்தான் நோட்டைப் பார்த்துச் சொன்னார். பனிப்புயலில் லாரி வர முடியாத நாட்களில் பாத்திரம் கழுவுவதைத்தான் முதலில் நிறுத்துவோம், குளியல் அப்புறம் என்றார். நாங்களும் அதே வரிசையில்தான் என்றாள் அக்கா. அடுத்த கால் மணி நேரம் அவர்கள் மூவரும் எந்த மூடி எப்போது உறையும், ஹீட்டர் காற்றைத் தொட்டி பக்கம் எப்படித் திருப்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயணத்தில் அத்தான் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் பேசிப் பார்க்கவில்லை.

நாளைக்குத் திரும்ப வேண்டும். காற்று ஏறிக்கொண்டிருக்கிறது, ரொம்ப ஏறினால் மெக்கென்சியில் படகை நிறுத்திவிடுவார்களாம். நல்ல தண்ணீர் பாதி, ப்ரொபேன் முக்கால், ஸ்டெப்னி சரி. காய் நறுக்கும் பலகை இனுவிக்கில் வாங்க வேண்டும்.